லெய்டனில் கடாரத்துச் செப்பேடு

ஐரோப்பா போகிறேன் என்றதும் பினாங்கு ஜார்ஜ் டவுனில் எல்லாரும் கேட்ட கேள்வி, "எந்தச் சுற்றுலா நிறுவனத்தோடு?" என்பதுதான். நிறுவனம் எதுவும் இல்லை. லைட் தெரு கான்வென்டில் படிவம் ஐந்து வரை என்னோடு ஒரே வகுப்பில் இருந்த தோழிகள் இருவர் அழைத்தார்கள், போனேன். ஒருத்தி எழுபதுகளில் தாதியர் பயிற்சிக்கு லண்டன் சென்று அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மற்றவள் டச்சுக்காரரை மணந்து நெதர்லாந்தின் லெய்டன் நகரில் குடியேறியவள். சுற்றுலா பஸ்ஸில் ஏறியிருந்தால் ஈஃபில் கோபுரத்தைப் பார்த்திருப்பேன். சோழர் காலத்து ஆனைமங்கலம் செப்பேட்டைப் பார்த்திருக்க மாட்டேன்.

லண்டன்காரி என்னைப் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் நிற்கவே விடவில்லை. "கூட்டத்தைத் தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் பார்த்தவள்தானே நீ, வா" என்று கிரீனிச்சுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தேம்ஸ் நதிக்கு அடியில் நடந்தே அக்கரை சேரும் சுரங்கப்பாதை அங்கே இருக்கிறது. தென்கரையில் குடியிருந்த தொழிலாளர்கள் எதிர்க்கரைக் கப்பல்துறைகளுக்கு வேலைக்குப் போவதற்காக 1902இல் திறந்தது. சுவரெங்கும் வெள்ளை ஓடு, தலைக்கு மேலே நதி. பயிற்சிக் காலத்தில் வீட்டு நினைவு தாங்காத நாட்களில் இங்கே வந்து இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக நடப்பாளாம். இத்தனை வருடக் கடிதங்களில் அவள் எழுதாத செய்தி அது. மறுநாள் ஹைகேட் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, இருவரும் கிழக்குக் கடற்கரைத் துறைமுகமான ஹார்விச்சுக்கு ரயில் ஏறினோம்.

விமானம் வேண்டாம், கப்பல்தான் என்று பிடிவாதம் பிடித்தது நான். பட்டர்வொர்த் ஃபெர்ரியில் ஏறி இறங்கி வளர்ந்தவளுக்கு வடகடலைத் தண்ணீரில் கடக்கும் வாய்ப்பை விட மனம் வருமா? இரவு ஏறினால் விடியலில் ஹூக் ஆஃப் ஹாலந்து. அங்கிருந்து ராட்டர்டாமுக்கு மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியிருந்த புதிது அது, 2019 அக்டோபர்.

லெய்டனுக்கு அக்டோபர் முதல் வாரத்தில் போக வேண்டும் என்று தோழி சொன்னதற்குக் காரணம் இருந்தது. 1574இல் ஸ்பானியப் படை முற்றுகையிட்டு ஊரே பட்டினியில் கிடந்தபோது, டச்சுக்காரர்கள் தங்கள் அணைக்கரைகளைத் தாங்களே உடைத்து வயல்வெளியில் தண்ணீரை விட்டு, அதன்மேல் படகோட்டி வந்து ஊரை மீட்டார்கள். அக்டோபர் 3ஆம் தேதி மீட்பு. வந்தவர்கள் கொடுத்த ஹெர்ரிங் மீனையும் வெள்ளை ரொட்டியையும் இன்றைக்கும் அதே நாளில் ஊர்மக்களுக்கு வழங்குகிறார்கள். வீடுகளில் உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் மூன்றையும் வேகவைத்து மசித்து 'ஹுட்ஸ்பாட்' செய்கிறார்கள். தோழி அதன் ஓரத்தில் ஒரு கரண்டி சம்பால் வைத்துப் பரிமாறினாள். இந்தோனேசியாவை ஆண்ட நாடு என்பதால் அங்கே எந்தக் கடையிலும் சம்பால் கிடைக்கிறது. மூன்று பேரும் அன்று பேசி முடிக்க இரவு போதவில்லை.

திருவிழா முடிந்த பிறகு, அவள் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கி வைத்திருந்த பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனோம். 1575இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. எங்கே போகிறோம் என்பதை வாசல் வரைக்கும் அவள் சொல்லவில்லை.

மேசையில் செப்பேடுகளைக் கொண்டுவந்து வைத்தபோது எனக்குக் கை நடுங்கியது. இருபத்தொரு ஏடுகள், ஐந்து சமஸ்கிருதம், பதினாறு தமிழ். எல்லாவற்றையும் கோத்த கனத்த வளையம். வளையத்தின் முத்திரையில் சோழப் புலி, பக்கத்தில் இரண்டு மீன்கள். மொத்த எடை முப்பது கிலோ அளவு என்கிறார்கள். எழுத்துகள் ஏட்டின் விளிம்பு வரை நெருக்கி வெட்டியவை, புள்ளி கிடையாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். குனிந்து பார்த்தேன். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஒரு 'ட', அதற்கு அப்பால் ஒரு 'ப', இன்னும் தள்ளி ஒரு 'ம' என்று ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கொல்லன் வெட்டிய 'ப' என் மாணவர்கள் எழுதும் அதே மூன்று கோடுகள்தான்.

கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளிக்கு, ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை முதலாம் இராசராசன் வழங்கிய செய்தி அதில் இருக்கிறது. அதைச் செம்பில் வெட்டுவித்தவன் மகன் இராசேந்திரன். அதே இராசேந்திரன்தான் 1025 அளவில் கடாரத்தின் மேல் படையெடுத்தவன். அந்தக் கடாரம் எங்கள் வீட்டு எதிர்க்கடலுக்கு வடக்கே இருக்கும் கெடாதான். வானம் தெளிவாக இருந்தால் பினாங்குக் கடற்கரையில் நின்றே ஜெராய் மலையைப் பார்க்கலாம். படையெடுப்போடு கதை முடிந்துவிடவும் இல்லை. சிறிய லெய்டன் செப்பேடுகள் என்று மூன்று ஏடுகள் தனியே இருக்கின்றன. கடாரத்து அரசனின் தூதர்கள் கேட்டுக்கொண்டபடி அதே விகாரத்துக்கு முதலாம் குலோத்துங்கன் 1090இல் வரிவிலக்கு அளித்ததை அவை சொல்கின்றன. நம் மேடைகளில் "கடாரம் கொண்டான்" என்று முழங்குகிறோம். கொடுத்ததையும் மறுபடி உறவு கொண்டதையும் யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்த மூன்று சிறிய ஏடுகள்தான் பெரிதாகப் பட்டன.

என் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். நாகப்பட்டினம் ஒரு காலத்தில் டச்சுக்காரர் வசம் இருந்த ஊர். செப்பேடுகள் அந்தக் கரையை விட்டு மேற்கே போயின, அப்பா கிழக்கே வந்தார். சூளாமணி விகாரத்தின் எஞ்சிய கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். ஆகவே அந்த உறவுக்கு மிச்சமிருக்கும் பெரிய சாட்சி இந்தச் செம்புதான். நான் பார்த்தபோது லெய்டன் நூலகம் அதைப் போற்றிப் பாதுகாத்து வந்தது, அதற்கு நன்றி. ஆனாலும் அது நாகப்பட்டினத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அங்கே பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று அதைப் பார்க்க வேண்டும்.

வெளியே வந்ததும் லெய்டன்காரி கேட்டாள்: "நீ பிள்ளைகளை அழைத்துப் போவாயே, புஜாங் பள்ளத்தாக்கு. அங்கே இப்போது என்ன இருக்கிறது?" கெடாவின் மெர்போக்கில் புக்கிட் பத்து பகாட் சண்டி என்ற பழங்கோயிலின் கல் அடித்தளத்தைப் பற்றி, அருங்காட்சியகத்தைப் பற்றி, 2013இல் ஒரு சண்டியை வீட்டுமனைக்காக இடித்துத் தள்ளியபோது நாங்கள் பட்ட வேதனையைப் பற்றி, வாய்க்கால் ஓரமாக நடந்துகொண்டே சொன்னேன். அவள் பினாங்கில் பிறந்து பதினெட்டு வயது வரை இருந்தவள். மெர்போக்கை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இருவரும் தைப்பூசத்துக்கு வருவதாகச் சொன்னார்கள். 2020 பிப்ரவரி 8ஆம் தேதி பூசம். மறுநாள் பசியாறிவிட்டு மெர்போக்குக்குக் கிளம்ப வேண்டும் என்று வேன்காரத் தம்பியிடம் அப்போதே சொல்லி வைத்தேன்.