பேர்லிலிருந்து பைத்தனுக்கு: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 3, 2025

புது மடிக்கணினியில் உபுண்டு 24.04 இயங்குதளம் போட்டாயிற்று. இனிப் புதிதாக எழுதும் நிரலெல்லாம் பைத்தன் மொழியில்தான் என்று வெள்ளவத்தை அலுவலகத்தில் முடிவாகிவிட்டது. பழைய கணினியில் பேர்ல் என்ற நிரல் மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட்கள் (சிறு நிரல்கள்) போல்டர் போல்டராகக் கிடக்கின்றன. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் வந்ததை யூனிகோடாக்குபவை, பழைய மின்னஞ்சல்களின் நேரத்தைச் சரிபார்ப்பவை, ஸ்கான் செய்த பக்கங்களுக்குப் பெயர் வைப்பவை.

“அண்ணா, எல்லாவற்றையும் வரிக்கு வரி பைத்தனில் எழுதிவிடுவோமா?” என்று கூட வேலை செய்யும் தம்பி கேட்டான். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாமினியை யூனிகோடாக்கும் ஒரே அட்டவணை ஒவ்வொரு போல்டரிலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. அப்படியே மாற்றினால் அந்தக் குழப்பமும் கூடவே வந்துவிடும்.

ஜூன் 4

இன்று ஒரு வரிகூட எழுதவில்லை. ஸ்கிரிப்ட்களைத் திறந்து, எது என்ன செய்கிறது என்று மட்டும் குறித்தோம். எந்த வாடிக்கையாளருக்காக எழுதியது என்பதை விட்டுவிட்டு, செய்யும் வேலையை வைத்துப் பிரித்தபோது பட்டியல் மளமளவென்று சுருங்கியது. இரண்டு வேலைகளுக்காவது தேவைப்படுவது, எல்லா வேலைகளும் பகிர்ந்துகொள்ளும் பொதுத் தொகுதிக்கு. ஒரே தடவை ஓடி முடிந்தது பெட்டகத்துக்கு. அதை மாற்றி எழுதப் போவதில்லை.

ஜூன் 6

பாமினிதான் இதில் பெரிய வேலை. அதில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும். ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முன்னே வரும், கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகப் பின்னே வரும். அதனால் நீளமான சேர்க்கையை முதலில் மாற்ற வேண்டும். ‘கெ’யை முதலில் மாற்றிவிட்டால் கால் தனியாக மிஞ்சி, அப்புறம் தனிக் குறியாகப் போய் ஒட்டிக்கொள்ளும். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் ‘கொழும்பு’ என்று தேடினால் பாதிப் பக்கங்கள் அகப்படாது! பழைய பிரதிகளில் சிலவற்றில் இதற்குத் திருத்தம் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. பொதுத் தொகுதி வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது இதனால்தான்.

புதியதில் அட்டவணையை நீளப்படி வரிசைப்படுத்திய பிறகே மாற்றுகிறோம். பைத்தன் 3.7 முதல் டிக்ஷனரி (எதற்கு எது என்று இணைத்து வைக்கும் அமைப்பு), போட்ட வரிசையை அப்படியே காக்கும் என்பது உண்மை. இருந்தாலும் வரிசைப்படுத்துவதை வெளிப்படையாக எழுதினால்தான் அடுத்து வாசிக்கிறவருக்குக் காரணம் விளங்கும். கடைசி வரியில் யூனிகோட்டின் என்எஃப்சி சீராக்கம். அது பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் ஒரே குறியாக்கிவிடும்.

ஜூன் 10, பொசன் போயா

விடுமுறை. வெளியே நல்ல மழை. பொதுத் தொகுதியை எங்கே வைப்பது என்று தீர்த்துவிட உட்கார்ந்தேன். பேர்லில் ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டின் தலையிலும் ‘யூஸ் லிப்’ வரி போட்டு இடத்தைக் காட்டுவோம். பைத்தனிலும் தேடல் பாதையில் போல்டரைச் சேர்க்கலாம்தான். போல்டரை நகர்த்தினால் எல்லாம் படுத்துவிடும் என்பதால் அந்த வழி வேண்டாம் என்று விட்டேன்.

ஒரு பைப்ராஜெக்ட் கோப்பு (பேக்கேஜின் விவரங்களைச் சொல்வது) எழுதி, தொகுதியையே ஒரு பேக்கேஜ் ஆக்கினேன். பைத்தன் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப் மூலம் ‘எடிட்டபிள்’ முறையில் நிறுவினால், மூலக் கோப்பில் செய்யும் திருத்தம் மறுபடி நிறுவாமலே அடுத்த ஓட்டத்தில் வந்துவிடுகிறது. உபுண்டு 24.04 தன் சொந்தப் பைத்தனுக்குள் பிப் நேராக நிறுவ விடாது. அதனால் ஒவ்வொரு வேலைக்கும் தனி வென்வ் (மற்றவற்றோடு கலக்காத பைத்தன் சூழல்) திறந்துகொண்டேன். அதுதான் நல்லதும்கூட.

ஜூன் 12

தம்பிக்குக் காட்டினேன்: ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன? நாம் எண்ணினால் மூன்று எழுத்து. பைத்தன் 5 என்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. டிகோட் செய்யாத, அதாவது பைட்டுகளை எழுத்துக் குறிகளாக மாற்றாத, பழைய பேர்ல் ஸ்கிரிப்ட் 15 என்றது, யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் என்பதால். தலைப்பைக் குறிப்பிட்ட நீளத்தில் வெட்டுகிற இடங்களிலெல்லாம் எண்களை மறுபடி பார்க்க வேண்டும். 5 என்று எண்ணுவதும் போதாது. புள்ளியை விட்டுவிட்டு வெட்டினால் ‘தமிழ’ என்று நிற்கும்.

ஜூன் 17

நேரம் மாற்றும் ஸ்கிரிப்ட். பழையதில் உலகப் பொது நேரத்தோடு (யூடிசி) கூட்ட வேண்டியது 5:30 என்று நேராக எழுதியிருக்கிறது. 2006 ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பின் வந்த மடல்களுக்கு அது போதும். இப்போது 2001ஆம் ஆண்டு மடல்களும் கைக்கு வந்திருக்கின்றன. 1996 மே மாதம் இலங்கை நேரம் 6:30 ஆனது, அதே ஒக்டோபரில் 6:00 ஆனது, 2006இல்தான் 5:30க்குத் திரும்பியது. பைத்தன் 3.9 முதல் இருக்கும் நேர வலயத் தொகுதியான ஸோன்இன்ஃபோவில் ‘ஏசியா/கொழும்பு’ என்று கொடுத்தால் இவ்வளவும் தானாகச் சரியாகிறது.

பழைய மாதிரிக் கோப்புகளைப் பொதுத் தொகுதியோடு ஒரே கிட் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) களஞ்சியத்தில் வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நாம் கண்ணால் சரிபார்த்த விடை. தொகுதியில் கை வைத்தால் முதலில் இவற்றை ஓட்டி, அதே விடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். பக்க வடிவமைப்பு செய்யும் அக்கா பாமினிக் கோப்பொன்றைக் கொண்டுவந்து மாற்றிப் பார்த்தார். “தம்பி, இப்ப ‘கொட்டாஞ்சேனை’ எண்டு தேடினா எல்லாம் வருது” என்றார்.

ஸ்கான் பக்கங்களுக்குப் பெயர் வைப்பது மட்டும் பாக்கி. அதை தம்பி எழுதட்டும் என்று விட்டிருக்கிறேன்.