களியக்காவிளையில் கழன்ற சக்கரம்

போன ஜூன் மாதம், நல்ல இடவப்பாதி மழை. பெங்களூரிலிருந்து திருவனந்தபுரம் வரை விமானம், தம்பானூரில் பேருந்து. நாகர்கோவிலுக்கு நேர் வண்டி கிடைக்காததால் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை தாண்டிக் களியக்காவிளையில் இறங்கினேன். அடுத்த வண்டி நின்ற இடத்துக்குப் பெட்டியை இருபது அடி இழுத்திருப்பேன். கைப்பிடி ஒரு பக்கம் வெட்டி இழுத்தது. திரும்பிப் பார்த்தால், சக்கரத்தின் கறுப்பு மேலுறை ஊறிய ரஸ்க் மாதிரி துண்டு துண்டாகத் தரையில் கிடக்கிறது. மிச்சமிருந்தது வெறும் பிளாஸ்டிக் வளையம். இன்னும் பத்தடியில் அதுவும் கழன்றது. கருவிகளோடு பெட்டி பதினாலு கிலோ. மழையில் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறினேன். மார்த்தாண்டம் பாலம் ஏறும்போதும் கை நடுக்கம் நிற்கவில்லை.

ஆய்வகங்களில் தராசு, வெப்பமானி போன்றவற்றின் அளவு சரியாக இருக்கிறதா என்று சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வெளியூர். கருவிகளைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் விடமாட்டார்கள். பெட்டியில் போட்டு அனுப்பித்தான் ஆக வேண்டும். பெட்டி போனால் அன்றைய வேலையும் போய்விடும். அதனால்தான் இதை இவ்வளவு அக்கறையாக எழுதுகிறேன்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். அந்தப் பெட்டியை நான் அதிகம் ஓட்டவே இல்லை. வாங்கிக் கொஞ்ச நாளில் அலுவலகத்திலேயே வேலை என்று ஆகிவிட, ஒன்றரை வருஷம் பரணில் இருந்தது. பார்க்கப் புதுசு. சனிக்கிழமை அதை நாகர்கோவில் வடசேரியில் ஒரு சந்துக்குள் பை தைக்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் இன்னொரு சக்கரத்தை நகத்தால் அழுத்தினார். மாவு மாதிரி உதிர்ந்தது.

“இது ஓடித் தேஞ்சது இல்ல மக்ளே. சும்மா இருந்து கெட்டது.”

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது அவர் சொன்னதற்குக் காரணம் தெரிந்தது. பல பெட்டிகளின் சக்கரங்களில் பூசும் மெத்தென்ற பொருள் பாலியூரித்தேன் என்ற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக். அதில் ஒரு வகை, காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி வாங்கி உள்ளிருந்தே அறுந்துபோகும். ஓட்டாமல் மூடி வைத்தாலும் அது நடக்கும். பழைய ஷூவை எடுத்துப் போட்டதும் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்வதும் இதனால்தான். துணிப் பைகளின் உள்பக்கம் தண்ணீர் புகாமலிருக்கப் பூசுவதும் பல சமயம் அதே பொருள்தான். நாள்பட்ட ஈரத்தில் பிசுபிசுத்து, வெள்ளைச் செதிலாக உரிந்து துணிமணியில் ஒட்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை பரணில் ஈரம் காய்வதே இல்லை. பெட்டி வாங்குவதற்கு ஆளாளுக்கு எழுதி வைத்திருக்கும் யோசனைகளில் இந்த ஈரத்தைப் பற்றி ஒரு வரிகூட நான் பார்க்கவில்லை.

எங்கள் வீடு ராஜாக்கமங்கலம் பக்கம். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே துரு ஏறும். அண்ணாச்சி கடையில் ஒரு மூலை முழுக்கக் கழற்றிப் போட்ட இழுப்புக் கைப்பிடிகள். இரும்புக் குழாயாக இருந்தவை உள்ளே துருப்பிடித்து இறங்காமல் நின்றுபோனவை. அலுமினியக் குழாய் அப்படிச் சிக்குவது குறைவு என்றார். கைப்பிடியை முழுக்க வெளியே இழுத்து, பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்துவிட்டு வாங்கச் சொன்னார். கொஞ்சம் ஆடத்தான் செய்யும். கடகடவென்று சத்தம் வந்தால் வேண்டாமாம்.

ஜிப்பைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு அதிகம் பயன்பட்டது. ஜிப்பு கெட்டது என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கெட்டிருப்பது ஜிப்பை மூடித் திறக்கும் ரன்னர்தான். தேய்ந்து வாய் அகன்றுவிடும். குறடால் மெல்ல அமுக்கினாலோ, புது ரன்னர் போட்டாலோ சரியாகிவிடும். பல்வரிசை போய்விட்டால் முழு ஜிப்பையும் பிரித்துத் தைக்க வேண்டும், காசும் கூட. ரன்னரில் ஒய்.கே.கே. என்ற எழுத்து இருக்கிறதா என்று நான் இப்போது பார்க்கிறேன். 1934-இல் தொடங்கிய, ஜிப்பு செய்யும் ஜப்பானிய நிறுவனம் அது. ஜிப்பில் மிச்சம் பிடிக்காத கம்பெனி மற்றதிலும் பிடிக்காது என்பது என் கணக்கு. இன்னொன்றையும் அவர் செய்து காட்டினார். மெல்லிய சுருள் ஜிப்பைப் பூட்டியிருந்தாலும், பால்பாயிண்ட் பேனா முனையை நடுவில் குத்தினால் பிளந்துவிடுகிறது. ரன்னரை ஒருமுறை மேலும் கீழும் ஓட்டினால் பழையபடி மூடிக்கொள்கிறது. திறந்த அடையாளமே இல்லை. சான்றிதழ்களையும் லேப்டாப்பையும் அனுப்பும் பெட்டியில் வைக்கும் வழக்கத்தை அன்றோடு விட்டேன்.

அடுத்த வாரம் செம்மாங்குடி ரோட்டிலும் மார்த்தாண்டத்திலும் ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினேன். கெட்டி ஓடு உள்ள பெட்டிகளில் மூன்று வகை பிளாஸ்டிக். ஏபிஎஸ் விலை குறைவு, விறைப்பு. ஓங்கி விழுந்தால் மூலையில் கீறல் விடும். பாலிகார்பனேட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழிந்து, எடுத்ததும் பழையபடி நிமிரும். பாலிப்ரொப்பிலீன் எடை குறைவு, வளைந்தும் கொடுக்கும். ஏபிஎஸ்ஸையும் பாலிகார்பனேட்டையும் கலந்து செய்து பாலிகார்பனேட் என்று விற்பதும் உண்டு, அதனால் உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டை வாசிக்கச் சொல்லுவேன். கடைப்பையன்கள் அழுத்திப் பார்க்கவிட யோசித்தார்கள். ஒருவர் மட்டும், “அமுக்கிப் பாருங்க அக்கா, அதுக்கென்ன” என்று எடுத்துக் கொடுத்தார். கடைசியில் அவரிடம்தான் வாங்கினேன்.

துணிப் பையில் 1680 டெனியர் என்று எண் மட்டும் பெரிதாகச் சொல்வார்கள். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். நூல் எவ்வளவு தடிமன் என்பதை அது சொல்லும். நூல் எதனால் ஆனது என்பதைச் சொல்லாது. அதே எண்ணில் நைலானும் வரும், பாலியெஸ்டரும் வரும். உரசலைத் தாங்குவதில் நைலான் ஒரு படி மேல்.

நாலு சக்கரமா, இரண்டு சக்கரமா? வழுவழுப்பான விமான நிலையத் தரையில் நாலு சக்கரம் சுகம், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்தத் தரை அரை மணி நேரம்தான். மீதியெல்லாம் நாகர்கோவில் ஜங்ஷன் மேம்பாலப் படி, பேருந்து நிலையக் குழி, மழைச் சேறு. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் சின்னச் சக்கரம் குழியில் மாட்டினால் காலோடு ஒடியும். இரவு ரயிலில் பிரேக் போட்டால் பெட்டி நடைபாதைக்கு உருண்டு வந்துவிடும். இரண்டு சக்கரம் பெட்டிக்குள் பாதி புதைந்திருக்கும், பெரிதாகவும் இருக்கும், வைத்த இடத்தில் நிற்கும். நீளக் கைப்பிடியும் இரண்டு சக்கரமும் வைத்த பெட்டியை 1987-இல் வடிவமைத்தவர் ராபர்ட் பிளாத் என்ற அமெரிக்க விமானி என்று படித்தேன். பயணமே தொழிலாக இருந்தவர், தன் கை வலித்து யோசித்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

எடையும் பார்க்க வேண்டும். உள்நாட்டு விமானங்களில் பொதுவாகக் கைப்பைக்கு 7 கிலோ, அனுப்பும் பெட்டிக்கு 15. பெட்டியே நாலரைக் கிலோ என்றால் என் கருவிகளுக்கு மிச்சம் பத்தரை. ரயிலில் இந்தக் கவலை இல்லை, மூன்றடுக்கு ஏசியில் 40 கிலோ வரை இலவசம். அங்கே கீழ் இருக்கைக்கு அடியில் பெட்டி நுழைகிற உயரமா என்பதுதான் கேள்வி. கீழே இருக்கும் கம்பி வளையத்தில் சங்கிலி கோத்துப் பூட்டினால் நிம்மதியாகத் தூங்கலாம்.

நான் எடுத்தது பாலிகார்பனேட், இரண்டு சக்கரம், மூன்றரைக் கிலோ, 6,800 ரூபாய். வழவழப்பானதை விட்டு, கீறல் தெரியாத சொரசொரப்பான மேல்பாகம் பார்த்து எடுத்தேன். வந்ததிலிருந்து பரணில் ஏற்றவில்லை. ஊரில் இருக்கும் நாட்களில் திறந்தபடி கட்டிலுக்கடியில். வெயில் வந்தால் திண்ணை நிழலில் ஒரு மணி நேரம். விமானத்தில் வந்து இறங்கியதும் பெல்ட் பக்கத்திலேயே நின்று மூலைகளையும் சக்கரத்தையும் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். உடைந்திருந்தால் அங்கேயே, விமான நிறுவன மேசையில் எழுதி வாங்க வேண்டும். வெளியே வந்தபிறகு சொன்னால் யார் உடைத்தது என்ற பேச்சு வரும்.

வாங்கிய மறுநாளே அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நிறத்தையோ பேரையோ பார்க்கவில்லை. நேராகத் தலைகீழாகக் கவிழ்த்தார். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இடத்தைத் துணியால் துடைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“ரிவெட் அடிக்கல. பக்கத்துக்கு நாலு ஸ்க்ரூ இருக்கு. கழத்தி மாட்டலாம். கொள்ளாம் மக்ளே.”