குறைந்த செலவில் இரட்டைக்குழல் ரைபிள்: பணம் எதற்குப் போக வேண்டும்?

இரட்டைக்குழல் வேட்டை ரைபிள் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, லண்டன் பட்டறைகளில் கையால் செதுக்கப்பட்டு ஒரு வீட்டின் விலைக்கு விற்கப்படும் துப்பாக்கிதான். ஹாலண்டு அண்டு ஹாலண்டு, பர்டி போன்ற பட்டறைகளின் வேலைப்பாட்டின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும், அளவான பணத்துடன் ஒரு நம்பகமான ரைபிளைத் தேடுகிறவர், அந்த விலையில் எந்தப் பங்கு குறியின் துல்லியத்திற்குச் செல்கிறது, எந்தப் பங்கு அழகுக்குச் செல்கிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

துல்லியத்திற்குச் செல்லும் பங்கில் முதன்மையானது, இரண்டு குழல்களையும் ஒரே குறிக்குச் சுடவைக்கும் வேலை. இதைத் துறையில் ரெகுலேஷன், அதாவது ஒத்திசைவு, என்கிறார்கள். குழல்களை இணையாக வைத்து, உருக்கிய உலோகப் பற்றால் ஒட்டினால் போதும் என்று தோன்றும்; ஆனால் அப்படிச் செய்தால் குண்டுகள் விலகிச் செல்லும். குண்டு குழல் வாயை விட்டு வெளியேறுவதற்கு முன்பே துப்பாக்கி பின்னுதைக்கத் தொடங்கிவிடுகிறது. வலக்குழல் துப்பாக்கியின் நடு அச்சுக்கு வலப்புறம் இருப்பதால் அந்த உதைப்பு குழல் வாயை மேலும் வலப்பக்கம் திருப்புகிறது, இடக்குழலில் இதுவே இடப்பக்கம் நிகழ்கிறது. இதை ஈடுசெய்வதற்காகக் குழல்களின் முன்முனைகளைச் சற்று நெருக்கி அமைத்து, சுட்டுப் பார்த்து, பற்றை இளக்கி, இடையில் உள்ள ஆப்பை நகர்த்தி, மறுபடியும் சுட்டுப் பார்க்கிறார்கள். இரண்டு குண்டுகளும் ஒன்றாக விழும்வரை தொடரும் இந்த வேலைக்குத் தேர்ந்த கையும் நிறைய நேரமும் வேண்டும். இதில் சிக்கனம் பிடித்த துப்பாக்கியைப் பிறகு வேறு எதனாலும் சரிக்கட்ட முடியாது.

இந்த ஒத்திசைவு ஒரு குறிப்பிட்ட எடையும் வேகமும் கொண்ட தோட்டாவுக்கு மட்டுமே பொருந்தும். அதைவிட மெதுவான தோட்டாவின் குண்டு குழலுக்குள் கூடுதல் நேரம் இருப்பதால், உதைப்பு குழலை அதிகமாகத் திருப்பிவிடுகிறது; வலக்குழல் வலப்பக்கமும் இடக்குழல் இடப்பக்கமும் விலகிச் சுடும். வேகமான தோட்டாவில் குண்டுகள் ஒன்றையொன்று குறுக்கே கடந்துவிடும். ஆகவே, தோட்டாவை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற ரைபிளைத் தேடுவதே முறை என்பது என் உறுதியான கருத்து. தொடர்ந்து கிடைக்காத தோட்டாவுக்கு ஒத்திசைக்கப்பட்ட ரைபிள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நாளடைவில் செலவை ஏற்றிவிடும்.

அடிப்பகுதியில் விளிம்பு உள்ள தோட்டாக்களே இவ்வகைத் துப்பாக்கிக்கு இயல்பானவை. வெளியே இழுக்கும் பாகம் அந்த விளிம்பை உறுதியாகப் பற்றிக்கொள்ளும். .308, .30-06 போன்ற விளிம்பில்லாத தோட்டாக்களுக்கும் இரட்டைக்குழல் ரைபிள்கள் உண்டு. ஆனால் அவற்றில் தோட்டாவின் பள்ளத்தைச் சிறிய சுருள்வில் கொக்கி பற்ற வேண்டியிருக்கிறது. அழுக்கு சேர்ந்தால் அது சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு.

பெரும்பாலானோருக்கு நான் பரிந்துரைப்பது 9.3×74ஆர் (9.3 மி.மீ. குழல் அளவு, 74 மி.மீ. நீளக் கூடு, விளிம்பு உள்ளது) தோட்டாவைத்தான். ஏறத்தாழ 18.5 கிராம் குண்டை நொடிக்கு 700 மீட்டர் வேகத்தில் செலுத்தும் இது, காட்டுப்பன்றி முதல் பெரிய மான் இனங்கள் வரை தாராளமாகப் போதும், உதைப்பும் தாங்கக்கூடியது. .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் 32 கிராமுக்கு மேற்பட்ட குண்டை எறிவது. அதற்கான ரைபிள் ஐந்து கிலோவை நெருங்கும், தோட்டாவின் விலையோ பயிற்சி செய்யவே கையைக் கட்டிப்போடும். எருமை, யானை போன்றவற்றுக்குப் பல ஆப்பிரிக்க நாடுகள் குறைந்தது .375 அங்குலக் குழல் அளவைக் கோருவதால், அந்த வேட்டைக்குச் செல்லவிருப்பவர் மட்டும் அந்தந்த நாட்டின் விதியைப் பார்த்துப் பெரிய தோட்டாவுக்குச் செல்லலாம். 1873 முதல் வழக்கில் இருக்கும் .45-70, குறுகிய தூரத்திற்கு மட்டுமே ஏற்றதென்றாலும், மலிவான தோட்டா என்ற வகையில் கவனத்திற்குரியது.

பொறியமைப்பில் பணத்தை மிச்சப்படுத்த நிறைய இடம் இருக்கிறது. 1875இல் ஆன்சன், டீலி ஆகிய இருவர் வடிவமைத்த, சுடும் பொறி பெட்டிக்குள்ளேயே அமைந்த பாக்ஸ்லாக் முறை இன்றும் எளிமையும் உறுதியும் கொண்டது. பொறியைப் பக்கவாட்டுத் தகடுகளில் பொருத்தும் சைடுலாக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் குண்டின் போக்கை மாற்றாது. பாக்ஸ்லாக்கின் பக்கவாட்டில் வெறும் அலங்காரத் தகடு பொருத்திய துப்பாக்கிகளும் விற்கப்படுகின்றன. அந்தத் தகட்டுக்குத் தனி விலை கொடுக்கத் தேவையில்லை. சுட்ட கூட்டைத் துள்ளி எறியும் எஜெக்டரும் கட்டாயமில்லை. கையால் எடுக்கும் அமைப்பு மலிவானது, ஓசையும் குறைவு. விசை இரண்டாக இருக்கட்டும். ஒற்றை விசையைவிட விலை குறைவு என்பதோடு, ஒரு பக்கத்துப் பொறி பழுதானாலும் மறுபக்கம் சுடும் என்பது இந்த ஆயுதத்தின் அடிப்படைப் பயனல்லவா?

புதிதாக வாங்குவோர் இத்தாலியின் சபாட்டி, பெடர்சோலி நிறுவனங்களின் ரைபிள்களிலிருந்து தேடத் தொடங்கலாம். அதற்கு மேற்பட்ட விலையில் பிரான்சின் ஷாப்புயி, ஜெர்மனியின் மெர்க்கெல், கிரீகாஃப் ஆகியவை வருகின்றன. ரஷ்யாவின் பைக்கால் எம்பி-221, பின்லாந்தில் உருவான வால்மெட் 412, அதன் வழிவந்த டிக்கா 512எஸ் (பின்னிரண்டும் இப்போது பழைய துப்பாக்கிகளாகவே கிடைக்கும்) ஆகியவற்றில் குழல்களின் ஒத்திசைவை உரிமையாளரே திருத்திக்கொள்ள முடியும். நேர்த்தியில் இவை எளியவைதாம். ஆனால் தோட்டா மாறினால் பட்டறைக்கு ஓட வேண்டியதில்லை என்ற அந்த ஒரு வசதிக்காகவே இவற்றை நான் உயர்வாக மதிக்கிறேன்.

பழைய துப்பாக்கி வாங்குவதானால் அவசரம் கூடாது. முதலில் அது காலியாக இருப்பதை உறுதிசெய்துவிட்டு, முன்கட்டையைக் கழற்றி, பூட்டிய நிலையில் லேசாக அசைத்துப் பார்க்க வேண்டும். குழலுக்கும் பொறிப்பெட்டிக்கும் இடையே ஆட்டம் தெரிந்தால் செலவு காத்திருக்கிறது என்று பொருள். பிறகு குழல்களைத் தனியே கழற்றித் தொங்கவிட்டு விரலால் தட்டினால், பற்று முழுமையாக இருக்கும் குழல்கள் மணிபோல் ஒலிக்கும், எங்கேனும் பற்று விட்டிருந்தால் ஓசை மந்தமாகும். குழலின் உட்புறத்தை இரண்டு முனைகளிலிருந்தும் வெளிச்சத்தில் பார்த்து, தோட்டா அறைக்கு முன்னால் அரிப்போ குழிகளோ இருக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். குழல் வாயின் உள்விளிம்பு ஒரு பக்கம் மட்டும் அராவப்பட்டிருந்தால், பற்றை இளக்கி முறையாக ஒத்திசைக்காமல் குண்டின் போக்கைக் குறுக்குவழியில் வளைக்க முயன்றிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அத்தகைய ரைபிளை நான் தொடவே மாட்டேன். குழல் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று சுட்டுப் பார்க்கும் சோதனைச் சாலையின் முத்திரையும் அதில் குறித்த தோட்டாவும் இன்றைய தோட்டா அறையோடு பொருந்த வேண்டும். சிறு குண்டுகளைச் சிதறச் சுடும் ஷாட்கன்னின் பொறிப்பெட்டியில் ரைபிள் குழல்களைப் பொருத்திய மாற்று வேலைகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அந்தப் பெட்டி ரைபிள் தோட்டாவின் அழுத்தத்திற்காகச் செய்யப்பட்டதல்ல என்பதால் அவற்றை விலக்குவதே நல்லது.

பணம் கொடுக்கும் முன், அல்லது திருப்பித் தரும் உரிமையை எழுத்தில் வாங்கிக்கொண்ட பின், சுட்டுப் பார்க்க வேண்டும். 50 மீட்டரில், எந்தத் தோட்டாவுக்கு ஒத்திசைக்கப்பட்டதோ அதைக் கொண்டு, வலம், இடம் என்று ஒரு இணை சுட்டுவிட்டு, குழல் முற்றிலும் குளிரும்வரை காத்திருந்து அடுத்த இணையைச் சுட வேண்டும். ஒரு குழல் சூடேறினால் பற்றோடு சேர்ந்து மற்றதையும் வளைக்கும் என்பதால், தொடர்ந்து சுட்ட தாள் உண்மையைச் சொல்லாது. துப்பாக்கியின் முன்கட்டையைக் கெட்டியான தாங்கியில் நேரடியாக வைக்காமல் கையால் பிடித்தே சுட வேண்டும், ஏனெனில் இயல்பான பின்னுதைப்பை நம்பித்தான் குழல்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. வலக்குழலின் துளைகளையும் இடக்குழலின் துளைகளையும் தாளில் தனித்தனியே குறித்துக்கொண்டு, இரண்டு கூட்டங்களின் நடுப்புள்ளிகளும் ஐந்து செ.மீ.க்குள் இருந்தால், செதுக்கல் இல்லாவிட்டாலும், மரம் சாதாரணமாக இருந்தாலும், தயங்காமல் வாங்கலாம். அந்தத் தாளில் பயன்படுத்திய தோட்டாவின் பெயரையும் குண்டின் எடையையும் எழுதி வைத்துக்கொண்டு, மிச்சமான பணத்தில் அதே தோட்டாவை அதே தயாரிப்புத் தொகுதியிலிருந்து இயன்ற அளவு வாங்கிச் சேர்த்துவிட வேண்டும்.