சுண்டெலிப் பால்சுரப்பிக் கட்டியில் ஸ்டீராய்டு மாற்றத்தை அளப்பது: கரையோர ஆய்வகங்களுக்குச் சில குறிப்புகள்

ரத்தத்தில் ஈஸ்ட்ரடையால் (முக்கிய ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்) எவ்வளவு என்று பார்த்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. வந்து சேரும் ஸ்டீராய்டைக் கட்டியே மாற்றக்கூடியது: வீரியம் குறைந்த ஈஸ்ட்ரோனை ஈஸ்ட்ரடையாலாக்கும், திரும்ப ஈஸ்ட்ரோனாக்கும், சல்பேட்டை ஒட்டி முடக்கும். அதைத் திசுவிலேயேதான் அளக்க வேண்டும்.

கட்டியை எடுத்ததும் ஐஸில் குளிர்ந்த கரைசலில் போடுங்கள். பெரிய கட்டியின் நடுப்பகுதி செத்துக் குழைந்திருக்கும். ஓரத்துத் திசுதான் வேண்டும். நாலாவது சுரப்பிக்குள் ஒரு நிணநீர் முடிச்சு உண்டு, அதையும் கொழுப்பையும் நீக்குங்கள். விளைவை எடைக்கு அல்ல, புரதத்துக்கோ டி.என்.ஏ.வுக்கோ கணக்கிடுங்கள்.

அதிகம் தவறு நடப்பது அடுத்த கட்டத்தில். திசுவை அரைத்து, கதிரியக்கக் குறியிட்ட ஸ்டீராய்டோடு, என்சைமுக்கு ஹைட்ரஜன் தரும் துணைப்பொருளான என்.ஏ.டி.பி.எச். தாராளமாகச் சேர்த்தால் ஈஸ்ட்ரோன் ஈஸ்ட்ரடையாலாவது மட்டும் தெரியும். ஹைட்ரஜனை ஏற்கும் என்.ஏ.டி. சேர்த்தால் எதிர்த்திசை தெரியும். இரண்டும் என்சைமின் திறனைச் சொல்பவை. உயிருள்ள செல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்லாது. அதற்குச் சுமார் அரை மில்லிமீட்டர் சீவல்கள், குளுக்கோஸ் உள்ள ஊடகம், 37 டிகிரி, ஆக்ஸிஜன் 95, கார்பன் டை ஆக்ஸைடு 5 சதவீதம். என் கணிப்பில் சீவலை முதலில் செய்வதே சரி, அரைத்தது பிறகு. என்சைம் செத்த ஒப்பீடாக, கொதிக்க வைத்த திசு ஒன்றைக் கட்டாயம் கூடவே வையுங்கள்.

ஸ்டீராய்டைத் திசுவிலிருந்து பிரித்தெடுப்பதற்கு ஈதர் என்று பழைய முறைகளில் இருக்கும். அது 34.6 டிகிரியில் கொதிக்கிறது. சித்திரை, வைகாசி மதியத்தில் மண்டபம், தொண்டி போன்ற கரையோர ஊர்களில் வெப்பம் அதைத் தொட்டுவிடலாம். குடுவை மூடி தெறிக்கும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. 77 டிகிரியில் கொதிக்கும் எத்தில் அசிடேட் இங்கே ஏற்றது. சல்பேட் ஒட்டியவை பெரும்பாலும் நீர்ப்பகுதியிலேயே தங்கிவிடும். சல்பேட்டை வெட்டும் என்சைமான சல்பேட்டேஸால் பிரிக்காமல் விட்டால் மாற்றம் குறைவாகவே தெரியும்.

ஸ்டீராய்டுகளைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் சிலிக்கா தகடுகளுக்குக் கடற்காற்றின் ஈரம் பகை. ஈரம் ஏறினால் புள்ளிகள் அளவுக்கு மேல் ஏறி ஒன்றோடொன்று கலக்கும். 110 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, உலர்கலனில் ஆறவிட்டு உடனே பயன்படுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தவறவே விடக்கூடாது. ஈஸ்ட்ரோன் மேலே, ஈஸ்ட்ரடையால் கீழே நிற்கும். ஒரே இடத்தில் நின்றதை வைத்து அடையாளம் உறுதி என்று எழுதாதீர்கள். கலப்பில்லாத ஈஸ்ட்ரடையாலைச் சேர்த்துத் திரும்பத் திரும்பப் படிகமாக்கி, எடைக்கான கதிரியக்க அளவு மாறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மனிதரோடு ஒப்பிடும்போது கவனம் வேண்டும். சுண்டெலியின் அட்ரினலில் சி.ஒய்.பி.17 என்ற என்சைம் இல்லை, அதனால் ஈஸ்ட்ரோஜனுக்கு முன்னோடியான டி.எச்.இ.ஏ. அங்கிருந்து வராது, கார்டிசாலுக்குப் பதில் கார்டிகோஸ்டிரோன் சுரக்கும். சினைப்பையை நீக்கினால் ஈஸ்ட்ரோஜன் நின்றுவிடும் என்றும் எல்லா இனத்துக்கும் எடுத்துக்கொள்ளக்கூடாது. டி.பி.ஏ. என்ற சுண்டெலி இனத்தில் இளவயதில் நீக்கினால் அட்ரினல் பருத்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கத் தொடங்கலாம். அறுக்கும்போது இரண்டு அட்ரினலையும் எடுத்து எடை போட்டுக் குறித்துவையுங்கள்.