ஓரியூருக்கு அம்மா வைத்துப்போன கடன்

புனித அருளானந்தரின் ஓரியூர்க் கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று அம்மா நேர்ந்துகொண்டபோது எனக்கு 21 வயது. தம்பி போன வல்லம் என்ஜின் நின்றுபோய் இரண்டு இரவு கடலில் கிடந்தது. மூன்றாம் நாள் விடியலில் பக்கத்து ஊர்க்காரர்கள் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்கள். கரையில் நின்ற அம்மா அவனை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. வடக்கே திரும்பிக் கும்பிட்டு, "அருளானந்தரே, வெறுங்காலோட வந்து சேருறேன்யா" என்றாள். அப்புறம்தான் அவன் தலையைத் துவட்டப் போனாள்.

அது நடந்து 22 வருடம் ஆகிவிட்டது. அவர் நாள் வரும் ஒவ்வொரு பிப்ரவரிக்கும் ஏதாவது ஒன்று வந்து நின்றது. தவக்காலத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று அவசரமாகக் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து என் கல்யாணம். அடுத்து தங்கச்சியின் பேறுகாலம். தம்பிக்கு வலைக் கடன். பேரப்பிள்ளைகளின் ஞானஸ்நானம், முதல் நற்கருணை வாங்கும் புது நன்மை. இத்தனைக்கும் அம்மா ஓரியூருக்குப் பல தடவை போனவள்தான், பஸ்ஸில். "பஸ்ஸுல போனது கணக்குல சேராதுடி" என்பாள். கருவாடு விற்ற காசில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு நாணயம் எடுத்து நீலச் சுருக்குப்பையில் போட்டு, மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவாள். கடைசி இரண்டு வருடம் கட்டிலை விட்டு எழவில்லை. அப்போதும் சனிக்கிழமையானால் என்னைக் கூப்பிட்டுப் போடச் சொன்னாள்.

இந்த இடத்தில் எங்கள் கோயில் பங்கு இளைஞர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கும் அவர்களுக்கும் ஆகாது. முந்தின வருடம் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ராத்திரி ஒரு மணிக்கு டிரம்மை அடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். அன்றுதான் அம்மா கொஞ்சம் கண் அயர்ந்திருந்தாள். வெளியே போய்ப் பிடிபிடியென்று பிடித்தேன். பங்குப் பேரவையில் சொல்வேன், பங்குச் சாமியாரிடம் சொல்வேன் என்று என்னென்னவோ கத்தினேன். டிரம் வைத்திருந்த வடக்குத்தெருப் பையன் ஒரு வார்த்தை பேசாமல் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

போன ஐப்பசி அடைமழையில் அம்மா போய்ச் சேர்ந்தாள். எங்கள் கல்லறைத்தோட்டம் கடலை ஒட்டிய மணல். மழைக்காலத்தில் குழி தோண்டத் தோண்டச் சரியும், ஊற்று வேறு பொங்கும். அந்தப் பையன்கள்தான் இறங்கினார்கள். இரண்டு பக்கமும் பலகையைக் கொடுத்து முதுகால் முட்டுக்கொடுத்து நிற்க, இன்னும் இரண்டு பேர் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். பெட்டியை இறக்கும் வரைக்கும் ஒருவனும் மேலே ஏறவில்லை. வடக்குத்தெருப் பையன் நெஞ்சளவு சேறோடு ஏறி வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெட்கம்தான், வேறென்ன.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இளைஞர் இயக்கத்தின் ஓரியூர் நடைப்பயணத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி அறிவித்தார்கள். அம்மாவின் நேர்ச்சை செத்தவளோடு போய்விட்டதா, எங்கள் தலையில் இருக்கிறதா என்று வீட்டில் பெரிய பேச்சு. பங்குச் சாமியாரிடம் கேட்டேன். "கடன்னு நெனச்சுப் போகாதீங்க, அம்மாவுக்காகச் செபிச்சுக்கிட்டுப் போங்க" என்றார். அவர் சொல்வது அவருக்குச் சரி. எங்கள் அம்மாவைப் பொறுத்தவரை அது கடன்தான். போய்ப் பெயர் கொடுத்தேன். நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "அத்தை, நீங்களா?" என்றான். அவனேதான்.

பிப்ரவரி 3ஆம் தேதி மாலை செபம் சொல்லிப் புறப்பட்டோம். தைப்பூசம் முடிந்து இரண்டாம் நாள், நிலா பிந்தித்தான் எழும்பியது. பையன்கள் முதுகில் ஒளிரும் பட்டையை ஒட்டிக்கொண்டு, முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர் என்று விளக்கோடு நடந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன் லாரிகள் போகிற வேகத்துக்கு அது இல்லாமல் முடியாது. தொண்டியில் ஒரு பாய் கடையில் முப்பது பேருக்கும் தேநீர் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். "எங்க பாட்டியும் அந்த ஓரியூர்ச் செம்மண்ண வீட்ல வச்சிருந்தாங்க" என்றார். செபமாலை, பாட்டு, மறுபடி செபமாலை. வெறுங்காலில் நான் மட்டும்தான்.

சாலையை விட்டு உள்ளே திரும்பிய கொஞ்ச நேரத்தில் சீமைக்கருவேல முள் ஒன்று குதிகாலில் ஏறி ஒடிந்துகொண்டது. ராமநாதபுரத்து முள், சொல்லவா வேண்டும்! காலை ஊன்ற முடியவில்லை. பின்னால் வந்த வேனில் ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். வடக்குத்தெருப் பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். "ஆடாதீங்க அத்தை, கெளுத்தி முள்ளையே எடுத்திருக்கேன், இதென்ன" என்றான். ஊக்கின் முனையை மெழுகுவத்திச் சுடரில் காட்டி, இன்னொருவனை விளக்குப் பிடிக்கச் சொல்லி, எச்சில் கூட விழுங்காமல் கிளறினான். முள் வந்ததும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். கால் அங்குலம்கூட இருக்காது. அதற்கப்புறம், "அன்னிக்கு ஆச்சி முழிச்சிக்கிட்டாங்களா அத்தை?" என்று கேட்டான். டிரம் அடித்த ராத்திரியைத்தான் கேட்கிறான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமானது. "முழிச்சா. பாட்டு நல்லாருக்கே, ஏன்டி வெரட்டினேன்னு என்னைத்தான் வஞ்சா" என்றேன். உண்மையும் அதுதான். ஒரு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை.

விடியும்போது ஓரியூர். 1693 பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன் அன்று அருளானந்தர் இங்கே தலை கொடுத்தார். இந்த வருடமும் 4ஆம் தேதி புதன்கிழமையாகவே அமைந்ததால் கூட்டத்தைக் கேட்க வேண்டாம். வேனை நிறுத்த ஒருவர் காசு, திருப்பி எடுக்க வேறொருவர் காசு. செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன், மாலை வாங்கிக்கொள் என்று ஒரு அம்மா விடாமல் துரத்தியது. வெறுங்காலைத் தூக்கிக் காட்டினேன், "அப்ப மெழுகுவத்தியாவது வாங்கும்மா" என்றது! தம்பி முடி இறக்கிவிட்டு வந்தான். 22 வருடத்துக்கு முன் கடலிலிருந்து வந்தபோது இருந்த முகம் அப்படியே மொட்டைக்குக் கீழே தெரிந்தது.

அம்மா சொல்லும் கதையெல்லாம் வரிசையில் நிற்கும்போது ஓடியது. லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை, காவி கட்டிப் பண்டாரசாமியாய் மறவர் நாட்டுக்கு வந்து, புலால் தொடாமல் அலைந்ததை அவளால் நம்பவே முடியாது. "மீன் திங்காத சாமிக்கு இந்தப் பக்கம் என்னடி வேலை?" என்பாள். தலை வெட்டப்படுவதற்கு முந்தின நாள் கரியைக் கரைத்து மையாக்கிக் கடிதம் எழுதினார் என்று வரும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். ரோமாபுரியில் புனிதர் பட்டம் கொடுத்தது 1947இல். எங்கள் ஆட்கள் அதற்கு எத்தனையோ காலம் முன்னாலேயே கொடுத்துவிட்டார்கள்.

சுரூபத்துக்கு முன்னால் போனதும் சொல்ல வேண்டியதையெல்லாம் வழி நெடுகக் கோத்து வைத்திருந்தேன். மகனுக்குக் கல்லூரி, தம்பி கடன், என் சர்க்கரை, எல்லாம். பின்னாலிருந்து நெட்டுகிறார்கள், யாரோ ஒரு கைக்குழந்தையை என் தோள்மேல் நீட்டுகிறார்கள். வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்: "அம்மா வந்திருக்காய்யா." அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கால் வலி இல்லை, சத்தம் இல்லை. சுருக்குப்பையை அவிழ்த்து உண்டியல் வாயில் வைத்தேன். புதுக் காசெல்லாம் முதலில் விழுந்தது. அடியில் கிடந்த 25 பைசாக்கள் ஒவ்வொன்றாகக் கடைசியில் விழுந்தன. 2011லேயே செல்லாமல் போன காசுகள். அய்யா, நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். எங்கள் தாமதத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டீர்கள். உமக்குத் தோத்திரம், கோடித் தோத்திரம். தம்பியைக் கொடுத்ததற்கும், இந்தப் பையன்களைக் கொடுத்ததற்கும்.

எங்கள் கடற்கரை மணல் வெளுப்பு. இங்கே அவர் ரத்தம் விழுந்த மண் சிவப்பு. ஒரு கைப்பிடி எடுத்து அதே நீலப்பையில் முடிந்துகொண்டேன்.

திரும்பும்போது வேனில் பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். நேரே கல்லறைத்தோட்டத்தில் இறங்கி அம்மா தலைமாட்டில் கொஞ்சம் தூவினேன். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு நின்ற தம்பி கையை நீட்டினான். மிச்சத்தைக் கொடுத்தேன். சாயங்காலம் வல்லத்தைத் தள்ளும் முன் அதைத் துணியில் சுற்றி வல்லத்தின் முன்பக்கம், அணியத்தில் கட்டிக்கொண்டிருந்தான். வடக்குத்தெருப் பையனும் அன்றைக்கு அந்த வல்லத்துக்குத்தான் ஆள்.