அவர் சொன்னதையே சொல்வது

இங்கிலாந்தின் மனநல மருத்துவமனைகளில், தம் விருப்பத்துக்கு மாறாகச் சட்டப்படி தடுத்துவைக்கப்பட்டிருக்கும் நோயாளிகளுக்குத் துணைநிற்பது என் வேலை. பதவியின் பெயரில் ‘அட்வகேட்’ என்ற சொல் இருப்பதால் உறவினர்கள் இன்னமும் என்னை வக்கீல் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வக்கீலும் அல்ல, மருத்துவமனை ஊழியரும் அல்ல. 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் 2007இல் செய்யப்பட்ட திருத்தத்தால், 2009 ஏப்ரல் முதல் இங்கே நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. நோயாளி விரும்புவதை அவர் சார்பில் எடுத்துச் சொல்ல வேண்டும். அவருக்கு எது நல்லது என்று தீர்மானிப்பது என் பொறுப்பல்ல. இந்த வேறுபாடு எனக்கு ஒரு தவறு செய்த பிறகுதான் உறைத்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. வார்டு ரவுண்டில் மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் என ஏழு பேர் அரைவட்டமாக அமர்ந்திருக்க, எதிரே ஒற்றை நாற்காலியில் நடுவயதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். அவர் பக்கத்தில் நான். “இந்த மருந்து என்னை உள்ளேயிருந்து தின்கிறது” என்று சொல்லச் சொல்லி, முந்தைய நாளே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது, மருந்தின் பக்கவிளைவுகள் குறித்து அவருக்குக் கவலை இருப்பதாக மிகப் பக்குவமாகச் சொன்னேன். மருத்துவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். நடுங்கும் கைகளை முழங்கால்களுக்கிடையே இடுக்கி வைத்திருந்த அந்த மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்து, “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்றார். அந்த அறைக்கு ஏற்ற மொழியில் பேசிவிட்ட பெருமையில் இருந்த எனக்கு, அங்கே அவருக்கு இருந்த ஒரே வாக்கியத்தையும் பறித்துவிட்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது. அதன்பிறகு நோயாளி சொல்வதை அவர் எதிரிலேயே தாளில் எழுதி, வாசித்துக் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகே எடுத்துச் செல்கிறேன்.

அன்று அவருக்குப் பதினோராம் நாள். சட்டத்தின் 2ஆம் பிரிவில் ஒருவரை 28 நாள் வரை வைத்திருக்கலாம். ஆனால் அதை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க முதல் 14 நாட்கள்தான் உண்டு. உரிமைகளை விளக்கிச் சொல்வது மருத்துவமனையின் கடமை, பெரும்பாலும் செய்யவும் செய்கிறார்கள். ஆனால் பல இரவுகள் உறங்காமல் வந்து, புதிய மருந்தின் மயக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் முதல் நாளே தாளை நீட்டி விளக்கிவிட்டதாகக் கோப்பில் குறிப்பதை விளக்கம் என்று என்னால் ஏற்க முடிவதில்லை. தீர்ப்பாயத்தில் வாதாடச் சொலிசிட்டர் இலவசமாகவே கிடைப்பார் என்பதும் அவருக்கு அன்றுதான் தெரிந்தது. என்னைத் தனிமையில் சந்திக்கும் உரிமையும் நோயாளிக்கு உண்டு, ஆனால் வார்டில் காலி அறை கிடைப்பது அரிது. அவருடைய விண்ணப்பத்தைச் சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில், தொலைக்காட்சியின் இரைச்சலே எங்களுக்குத் திரையாக இருக்க, நிரப்பினோம். கையெழுத்துப் போட அவருக்கு மூன்று முறை முயல வேண்டியிருந்தது.

அவர் இன்னும் சில நாட்கள் அங்கிருப்பதே நல்லது என்று எனக்கு உள்ளுக்குள் தோன்றியது. அதை அவரிடமும் சொல்லவில்லை, “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று தாழ்வாரத்தில் கேட்ட மருத்துவரிடமும் சொல்லவில்லை. என் கருத்தைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள், அதனால்தான் மறுப்பது கடினமாக இருக்கிறது.

நீதிபதி, மருத்துவர், இன்னோர் உறுப்பினர் என மூவர் அமர்ந்து ஒரு வாரத்துக்குள் விசாரித்தார்கள். விடுதலை கிடைக்கவில்லை. எழுத்து வடிவில் தீர்ப்பு வந்த அன்று அவர் என்னை வரச்சொன்னார். பக்கங்களைப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்து என்னைப் படிக்கச் சொன்னார். மருந்து தன்னை உள்ளேயிருந்து தின்பதாக நோயாளி கூறினார் என்று அங்கே அச்சாகியிருந்தது. அவர் மறுபடியும் ஒருமுறை படிக்கச் சொன்னார்.