ஐபி கேஸ்ல யாரோட சண்டை யாருக்கு?

யாராவது ஐபி, அதாவது கடன கட்ட முடியலன்னு கோர்ட்ல திவால் மனு, போட்டா, மஞ்ச நோட்டீஸ் விட்டுட்டான், இனி காசு அவ்ளோதான்னு சொல்லிட்டு ஊர்ல அடுத்த வேலைய பார்க்க போயிருவாங்க. கொங்கு பக்கம் ஒரு சப் கோர்ட்ல ஜூனியரா இருந்தப்போ நான் பார்த்த வரைக்கும், நோட்டீஸ் வந்த அப்புறம் தான் கடன் கொடுத்தவங்களுக்குள்ளயே அடிதடி ஆரம்பிக்கும்.

2016ல புது திவால் சட்டம் (IBC) வந்துருச்சேன்னு கேப்பீங்க, தனிநபர்ல கம்பெனி கடனுக்கு கேரண்டி கையெழுத்து போட்டவங்களுக்கு மட்டும் தான் அது 2019 டிசம்பர்ல இருந்து அமல், மத்தவங்களுக்கு மாவட்டத்துல இன்னும் 1920 மாகாண திவால் சட்டம் தான். அதுல கூலியாளுக்கு முன்னுரிமை உண்டு, எவ்ளோன்னா 20 ரூபா! நூறு வருஷமா அதே 20.

ஒரு தறிக்காரர் கேஸ். பேங்க்காரன் கையில அடமானம் இருக்கு, அவன் தனியா வித்து எடுத்துக்குவான், கவலையே இல்ல. மிச்ச சொத்த நூல் வியாபாரி, சீட்டு கம்பெனி, கைமாத்து கொடுத்த அக்கம்பக்கத்து ஆளுங்கன்னு எல்லாரும் கடன் விகிதப்படி பிரிச்சுக்கணும், அங்க தான் மச்சான் பேர்ல 10 லட்சத்துக்கு ஒரு புரோநோட் வந்து உக்காந்துச்சு. அந்த நோட் உள்ள வந்தா தறிக்காரருக்கு ஒரு நஷ்டமும் கிடையாது, மத்தவங்க பங்கு தான் சுருங்கும், அதனால அதுவரைக்கும் தறிக்காரரை திட்டிட்டு இருந்த நூல் வியாபாரி அப்படியே மச்சான் பக்கம் திரும்பிட்டாரு.

நோட்ட கையில வாங்கி பார்த்தேன். நோட் மேல கேஸ் போடுறதுக்கான மூணு வருஷ கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது, கெடுவ நீட்டிக்க பின்பக்கம் ஆயிரம் ரூபா வரவு எழுதி கையெழுத்து, முன்பக்கம் என்ன ஜெல் பேனாவோ பின்பக்கமும் அதே மை. குறுக்கு விசாரணையில சீனியர் கேட்டாரு, "10 லட்சம் எப்படி கொடுத்தீங்க?" "ரொக்கமாத்தானுங்க." "ஏது அவ்ளோ ரொக்கம்?" "வெவசாய வருமானமுங்க." (இந்த பதில சொல்லாத மச்சான நான் இன்னும் பார்க்கல.) சாதாரண பண வழக்குல கையெழுத்த ஒத்துக்கிட்டா பணம் கைமாறுச்சுன்னு தான் சட்டம் முதல்ல எடுத்துக்கும், ஆனா திவால் கோர்ட், வேற கோர்ட் கொடுத்த டிக்ரியே (தீர்ப்பாணை) இருந்தாக்கூட அதுக்கு பின்னாடி போய் கடன் நெசமான்னு பார்க்கலாம், ஏன்னா இங்க ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்தா அடி வாங்குறது மூணாவது ஆளு.

வீடு வேற எட்டு மாசம் முன்னாடி சம்சாரம் பேருக்கு செட்டில்மெண்ட் ஆகியிருந்துச்சு. ரெண்டு வருஷத்துக்குள்ளங்கறதால ரத்து பண்ண மனு போடலாம், செலவ யாரு போடுறதுன்னு கேட்டதும் எல்லாரும் மொபைல நோண்ட ஆரம்பிச்சாங்க. கைமாத்து கொடுத்த ஒரு அம்மா மட்டும், "தம்பி, ஆளுக்கு ஆயிரம் போட்டா ஆகாதுங்களா?"ன்னு கேட்டாங்க, நூல் வியாபாரி காதுல விழாத மாதிரியே நின்னாரு.

கடைசியில பட்டியல்ல இருந்து மச்சான் பேர எடுத்தாச்சு, அவரு ஜில்லா கோர்ட்டுக்கு அப்பீல் போய்ட்டாரு, அது முடியற வரைக்கும் யாருக்கும் டிவிடெண்ட், அதாவது பிரிச்சு கொடுக்குற பங்கு, கிடையாது. அந்த கேப்ல நூல் வியாபாரி பில்லுக்கு 24 சதவீதம் வட்டி போட்டு கேக்குறாருன்னு சீட்டு கம்பெனி ஒரு ஆட்சேபணை மனு கொண்டு வந்துச்சு.